இரண்டா, ஏழா என்று நீ கேட்டது

வியாசர்பாடி,
செவ்வாய்க்கிழமை இரவு.

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நீ போன் செய்து ஐந்து ஞாயிறு ஆகிறது என்று அம்மா சொல்கிறாள். போன வாரம் பெய்த மழைக்கே கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது, பெரம்பூருக்குச் சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது. அத்தை வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, நேரில் பேசலாம். சனிக்கிழமை அக்கா வந்தபோது, நீ இருக்கிற கோயம்புத்தூரிலிருந்து யாரோ அனுப்பியதாக அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றி இல்லை.

தேர்தல் நேரம். ஊழியத்துக்கு வந்த பிறகு உனக்கு இது முதல் தேர்தல். அதனால் சில காரியங்களை எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். நோவாவின் பேழையில் ஏறின மிருகங்கள் இரண்டா, ஏழா என்று சின்ன வயதில் நீ கேட்டதற்கும் கடைசியில் பதில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, அதில் 123ஆம் பிரிவை எடுத்துப் படி. மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்று அதன் மூன்றாவது உட்பிரிவு சொல்வது எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளரின் மதத்தைச் சொன்னாலும் வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் ஒரே குற்றம்தான் என்று தீர்த்தார்கள். உன்னைப் போன்றவர்கள் படிக்கவேண்டியது அதற்கு முந்தின உட்பிரிவு. இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வ கோபம் வரும், ஆவிக்குரிய கண்டனம் வரும் என்று ஒருவரை நம்பவைக்கப் பார்த்தால் அது தகாத செல்வாக்கு என்று அங்கே எழுதியிருக்கிறது. பிரசங்க மேடையின் பலம் தெரிந்தவர்கள் எழுதிய வரி அது. வேட்பாளரின் சம்மதத்தோடு அது நடந்திருந்தால் அவர் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம், செய்தவர் பெயரும் தீர்ப்பில் ஏறலாம். 1988ல் வந்த இன்னொரு சட்டம், வழிபாட்டு இடத்தை அரசியல் காரியத்துக்கு விடக்கூடாது என்கிறது. அதற்குப் பொறுப்பு அந்த இடத்தை நிர்வகிக்கிறவர்.

சட்டத்துக்குப் பயந்து நடக்கச் சொல்லவில்லை. நடைமுறையில் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். வேட்பாளர் ஆராதனைக்கு வரப்போகிறார் என்று முந்தின நாளே யாராவது வந்து காதில் போடுவார்கள். வரவேண்டாம் என்று சொல்லாதே, ஆலயக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கே பேசி முடித்துவிடு. சால்வை கிடையாது. மைக் கிடையாது. முன்வரிசையில் நாற்காலி போடுவது கிடையாது, காலியாயிருக்கிற பெஞ்சில் உட்காரட்டும். கூட வருகிறவர்கள் கட்சித் துண்டை வெளியே எடுத்துவைத்துவிட்டு வரட்டும். காணிக்கைத் தட்டில் அவர் கவர் போட்டால் மற்ற காணிக்கையோடு சேர்த்து எண்ணச் சொல், பெயரை வாசிக்காதே. பொது ஜெபத்தில் தொகுதியில் நிற்கிற எல்லாரையும், ஓட்டுச்சாவடியில் வேலைசெய்யப் போகிற ஆசிரியர்களையும், பணத்துக்கு ஓட்டை விற்காத மனதையும் சொல்லி ஜெபி. ஒரு பெயரையும் சொல்லாதே. ஆராதனை முடிந்து தனியாக ஜெபம் கேட்டால் அவர் குடும்பத்தின் சுகத்துக்காக ஜெபி, வெற்றிக்காக வேண்டாம். கை வைக்காதே. நம் ஜனங்களுக்குக் கை வைப்பது என்றால் திடப்படுத்தல், குருப்பட்டம், வியாதியஸ்தருக்கான ஜெபம். ஒரு வேட்பாளர் தலையில் ஊழியக்காரன் கை இருந்தால், கர்த்தர் இவரைத் தெரிந்துகொண்டார் என்றுதான் பாட்டிமார் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். மைக்கைக் கொடுக்காதே, கை வைக்காதே.

கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பாய். மறுவாரமே எதுவும் கெட்டுப்போகாது. வேறு கட்சிக்காரர் நாலு குடும்பம் உன்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். திருவிருந்து அன்று மட்டும் வரமாட்டார்கள், பிறகு வேறு சபைக்குப் போய்விடுவார்கள். அடுத்தது அந்த மனிதர் ஜெயித்த பிறகு வரும். கால்வாய்க் கரையிலிருந்து உன் சபை ஜனங்களை எடுத்து ஊருக்கு வெளியே எங்கேயோ மாடிக் குடியிருப்பில் கொண்டுபோய்ப் போடுவார்கள். பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும், வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு இரண்டு பஸ் மாறவேண்டிவரும். இங்கிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர்களை உனக்கே தெரியும். அன்றைக்கு நீ கலெக்டர் ஆபீஸுக்குப் போய் என்ன பேசுவாய்? அவர் தலையில் கைவைத்த படம் அங்கேயும் இருக்கும்.

போன ஈஸ்டருக்கு வந்தபோது சாப்பாட்டில் பாதியில், நான் பேசியதற்கு, "அப்பா, அதெல்லாம் லிபரல்" என்று சொல்லிக் கை கழுவப் போனாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நம் சபைகளில் வசையாகத்தான் சொல்கிறோம். லிபரல் என்றால் விசுவாசம் கெட்டவன், ஜெபிக்காதவன். புத்தகத்தில் தாராளவாத இறையியல் என்று எழுதுவோம். அதில் ஈடுபட்ட ஊழியக்காரர்களில் பெரும்பாலோர் உன்னையும் என்னையும்விட அதிகமாக ஜெபித்தவர்கள். அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: வேதம் வானத்திலிருந்து அச்சடித்து விழவில்லை, மனிதர் கையால், அவரவர் காலத்தில், அவரவர் பாஷையில் எழுதப்பட்டது, ஆகவே எழுதியது யார், யாருக்கு, எதற்கு என்று கேட்டுப் படிக்கவேண்டும். விசுவாசம் ஆளுக்குள்ளே நடக்கிற காரியம், ராஜா உத்தரவு போட்டு வராது. தேவனுடைய ராஜ்யம் செத்த பிறகு போகிற இடம் மட்டும் இல்லை, இந்தத் தெருவிலும் அது வரவேண்டும். இந்த மூன்றையும் நம்புகிற ஒருவன் குடிமகனாக எப்படி நடப்பான் என்று யோசித்துப் பார்.

பெர்லினில் ஷ்லையர்மாக்கர் என்ற போதகர் இருந்தார். தாராளவாத இறையியலுக்குத் தகப்பன் என்று அவரைத்தான் சொல்வார்கள். யூதருக்குக் குடியுரிமை வேண்டுமானால் ஞானஸ்நானம் எடுக்கட்டும் என்று அந்த ஊரில் பேச்சு வந்தபோது, 1799ல் அவர் அதற்கு எதிராக எழுதினார். யூதருக்கு அநியாயம் என்பதோடு நிற்கவில்லை. குடியுரிமைக்காக ஞானஸ்நானம் எடுக்கிறவர்களை உள்ளே விட்டால் சபையே கெடும் என்றார். பிறகு பிரஷ்ய ராஜா தானே ஒரு ஆராதனை முறையை எழுதி எல்லாச் சபைக்கும் திணிக்கப் பார்த்தார். 1824ல் புனைபெயரில் அதையும் எதிர்த்து எழுதினார், ஆராதனையை வகுக்கிற அதிகாரம் அரண்மனைக்கு இல்லை என்று. அரசாங்கம் சபைக்குள் வரும்போது சபைக்குத்தான் முதல் சேதம் என்று அவருக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

நியூயார்க்கில் ரவுஷன்புஷ் இருந்தார், பாப்டிஸ்ட் போதகர். 1886ல் ஏழைத் தொழிலாளிகள் நெருக்கியடித்து இருந்த பகுதியில் ஒரு சின்ன ஜெர்மன் சபைக்கு வந்தார். பதினோரு வருஷம். குழந்தைகளின் அடக்க ஆராதனைதான் அவரை உலுக்கியது. ஆத்துமாவை இரட்சிக்க வந்தவர் வாடகை, கூலி, குடிதண்ணீர் என்று பேச ஆரம்பித்தார், 1907ல் அதைப் புத்தகமாக எழுதினார். நீ செய்யக்கூடிய ஒன்று இதில் இருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் மரணத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடாதே, "கர்த்தருக்குள் நித்திரை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதே. வீட்டாரைக் கேட்டு, டாக்டர் சீட்டைப் பார்த்து எழுது. கட்டம் இல்லாவிட்டால் தனி நோட்டில் எழுது. வயது, தெரு, என்ன வேலை பார்த்தார், என்ன நோய். பத்து வருஷத்துப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் எந்தத் தெருவில் நெஞ்சு நோய், எந்தத் தெருவில் சாராயம், எந்தத் தெருவில் சாக்கடைக் குழி என்று தானே தெரியும். கவுன்சிலரிடம் போகும்போது அந்தத் தாளோடு போ. மனு எழுதத் தெரிந்த போதகன் சபைக்கு ஆசீர்வாதம்.

மார்ட்டின் லூதர் கிங் இறையியல் கல்லூரியில் ரவுஷன்புஷைப் படித்தார், 1955ல் பாஸ்டனில் டாக்டர் பட்டம் முடித்தார். அதே வருஷம் மாண்ட்கமரியில் கறுப்பின மக்களின் பஸ் புறக்கணிப்பு. அவரிடம் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1963ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதியதைத்தான். அந்தக் கடிதம் எட்டு மதகுருமாருக்கு எழுதப்பட்டது. அவர்கள் கொடியவர்கள் இல்லை, நல்லவர்கள், படித்தவர்கள், பொறு, நேரம் வரும் என்று சொன்னவர்கள்.

தாராளவாதிகள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லவேண்டும். ஹார்னாக் பெர்லினில் பெரிய பேராசிரியர். கிறிஸ்தவத்தின் சாரம் என்ன என்று 1900ஐ ஒட்டி அவர் பேசியதைக் கேட்க எல்லாத் துறை மாணவரும் வந்தார்கள். தேவன் பிதா, ஒவ்வொரு மனித ஆத்துமாவும் விலைமதிப்பற்றது என்றெல்லாம் அழகாகப் பேசினார். 1914ல் யுத்தம் வந்தது. ஜெர்மன் அறிவாளிகள் 93 பேர் தங்கள் ராணுவத்தை நியாயப்படுத்தி ஒரு அறிக்கை விட்டார்கள், அதில் ஹார்னாக் கையெழுத்தும் இருந்தது. அவரிடம் படித்த கார்ல் பார்த், தன் வாத்தியார்களின் பெயர்களை அந்தப் பட்டியலில் பார்த்து உடைந்துபோனார். தேவனையும் கலாசாரத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், கலாசாரம் துப்பாக்கி எடுக்கும்போது தேவன் கையிலும் துப்பாக்கி கொடுத்துவிடுவோம். ஹிட்லர் வந்த பிறகு, 1934 மே மாதம் ஜெர்மன் சபையார் சிலர் பார்மன் என்ற ஊரில் கூடி, சபைக்கு இயேசு ஒருவரே ஆண்டவர், வேறு தலைவர் சபைக்கு இல்லை என்று அறிக்கை செய்தார்கள். அதை வரைந்ததில் பார்த்துக்குத்தான் பெரிய பங்கு. ஆகவே லிபரல் என்று பெயர் வைத்துக்கொண்டால் தப்பிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலை ஜனங்களுக்கு 13 வருஷம் போதகராயிருந்த ரைன்ஹோல்ட் நீபர் 1944ல் இதைச் சரியாகப் பிடித்தார். மனிதனுக்கு நியாயம் செய்ய முடியும், அதனால் ஜனநாயகம் நடக்கும். அநியாயம் செய்யவும் அவனுக்கு ஆசை இருக்கிறது, அதனால் ஜனநாயகம் இல்லாமல் முடியாது. பாவத்தைப் பற்றிப் பேசுகிற நாம்தான் இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று ஞாயிறுதோறும் படிக்கிறோம், பிறகு ஒரு தலைவரைக் கேள்வி இல்லாமல் நம்பச் சொல்கிறோம். 1949 நவம்பர் 25ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதும் இதே எச்சரிக்கைதான்: மதத்தில் பக்தி ஆத்துமாவின் மீட்புக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி.

ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற ரோமர் 13ஐ நீ எடுத்துப் பிரசங்கம் செய்வாய். தேர்தல் காலத்தில் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். எடுக்கும் முன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் செலவழி. பவுல் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57ல், நீரோ ஆட்சியின் ஆரம்ப வருஷங்களில், ரோமாபுரியில் வரி கட்டுகிற ஒரு சிறு கூட்டத்துக்கு. அதிகார எண்கள் அவர் போட்டவை இல்லை, அவை 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. வசன எண்கள் 1551ல் வந்தவை. எண்களை மறைத்துவிட்டு 12ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனத்திலிருந்து 13ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம்வரை ஒரே மூச்சில் வாசி. துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள் என்று ஆரம்பித்து, அன்பு பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது என்று முடியும். நடுவில்தான் ஆளுகிறவர்களைப் பற்றிய பேச்சு. பிறகு "கீழ்ப்படியக்கடவன்" என்ற சொல்லைப் பார். நம் தமிழ் வேதத்தில் ரோமர் 13:1லும் கீழ்ப்படி, பிள்ளைகள் பெற்றாருக்குக் கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் 6:1லும் கீழ்ப்படி, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29லும் கீழ்ப்படி. கிரேக்கத்தில் மூன்றும் வெவ்வேறு வினைச்சொல். ரோமரில் வருகிற சொல்லுக்கு ஒழுங்கில் தன்னை ஒரு இடத்தில் வைத்துக்கொள்வது என்று பொருள், சொன்னதெல்லாம் செய்வது என்று இல்லை. தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு இது தெரிய வழியில்லை, நீ சொன்னால்தான் உண்டு. கடைசியாக வெளிப்படுத்தல் 13ஐ எடுத்துப் பக்கத்தில் வை. அதே ரோம சாம்ராஜ்யம் அங்கே மிருகமாகச் சமுத்திரத்திலிருந்து எழும்புகிறது. இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசாங்கம் ரோமர் 13ஐக் காட்டித்தான் ஜனங்களை அடக்கியது. அதை எதிர்த்து 1985ல் கைரோஸ் அறிக்கை எழுதிய இறையியலாளர்கள், அந்த வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கிய குற்றத்தைத்தான் முதலில் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த லிபரல் இறையியல் வெள்ளைக்காரன் சரக்கு என்று உங்கள் பெரிய பாஸ்டர் சொல்வாராம். சென்னைக்கு வந்தால் பஸ்ஸில் ஏறிப் புரசைவாக்கத்தில் இறங்கச் சொல். திருவேங்கடம் என்ற வேளாளர் கப்பலேறி இங்கிலாந்து போய், வேலைக்காரராக இருந்தபடியே தானாகப் படித்து, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரோடு சென்னைக்குத் திரும்பி, 1795ல், இன்றைக்கு அங்கே இருக்கிற யூனிடேரியன் சபையைத் தொடங்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை வேதத்தில் தேடிப் பார்த்தேன், காணவில்லை என்றார். நான் திரித்துவத்தை அறிக்கை செய்கிறவன், அவர் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இங்கிலாந்திலேயே 1813வரை திரித்துவத்தை மறுப்பது சட்டப்படி குற்றம். நம் ஊர்க்காரர் ஒருவர் அதற்கு முன்பே, எந்தப் பேராயரின் அனுமதியும் இல்லாமல், தானே படித்துத் தானே முடிவு செய்தார் என்பதில் எனக்குப் பெருமை.

சக்கரை செட்டியார் பெயரையாவது கேட்டிருப்பாய். கிறிஸ்துவை அவதாரம் என்ற சொல்லால் விளக்கி எழுதிய இறையியலாளர், அவரே தொழிற்சங்கத் தலைவர், அவரே சென்னைக்கு மேயர். 1938ல் தாம்பரத்தில் உலக மிஷனரிகள் கூடுமுன், அவரும் நீதிபதி செஞ்சையாவும் இன்னும் சிலரும் சேர்ந்து இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்கவேண்டும் என்று புத்தகம் போட்டார்கள். அந்தக் கூட்டம் நடந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரம் போனதே 1937ல்தான், அதுவரை நம் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே படித்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1948 டிசம்பர் 6ஆம் தேதி, மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கலாமா என்று விவாதம் வந்தபோது அவர் எழுந்து, நான் பதினாலு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று சொல்லி அந்த உரிமைக்கு ஆதரவாகப் பேசினார். இன்றைக்கு நீ கோயம்புத்தூரில் மைக் பிடித்துப் பிரசங்கிக்கிற உரிமை 25ஆம் பிரிவில் இருக்கிறது, தம்பி. தன் மாணவரை வற்புறுத்தாமல் விட்ட வாத்தியார்களும் அதற்கு ஒரு காரணம். அந்த மைக்கைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் வேறு ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், நேட்டால் காலனியில், கொலென்சோ என்ற ஆங்கிலப் பேராயர். ஜூலு பாஷையில் ஆதியாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கூட உட்கார்ந்து உதவியவர் வில்லியம் இங்கிடி என்ற ஜூலு மனிதர். ஜலப்பிரளயத்துக்கு வந்தபோது அவர் கேட்டார்: இதெல்லாம் உண்மையா? குளிர் தேசம், வெப்ப தேசம், எல்லா மிருகமும் வந்து ஏறினவா? மாம்சம் தின்கிற மிருகங்களுக்கும் நோவா தீனி சேர்த்தாரா? பேராயர் கணக்குப் புத்தகம் எழுதியவர், பதில் என்னவென்று அவருக்குத் தெரியும். கர்த்தருடைய நாமத்தில் பொய் சொல்வதா என்று தன் மனமே கேட்டதாக எழுதினார். 1862ல் தன் ஆராய்ச்சியை அச்சிட்டார், மறுவருஷம் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் கதையில் என்னை அசைக்கிறது அதற்குப் பிறகு நடந்ததுதான். லங்காலிபாலேலே என்ற தலைவரைக் கேலிக்கூத்தான விசாரணை வைத்துக் காலனி அரசாங்கம் தண்டித்தபோது, வெள்ளைக்காரர்களில் அவருக்காக நின்று பேசியது இந்தப் பேராயர், பழைய நண்பரையும் பகைத்துக்கொண்டு. 1879 ஜனவரியில் ஜூலுக்களோடு நடந்த சண்டையில் இசண்டல்வானாவில் ஆங்கிலப் படை செத்துக் கிடந்தது, ஊரெல்லாம் பழிவாங்கத் துடித்தது. மார்ச் 12ஆம் தேதி அவர் மேடையேறி மீகா 6:8ஐ எடுத்தார். நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து என்ற வசனம். ஜூலு ஜனத்துக்கு நாம் செய்தது நியாயமா என்று, ஊர் துக்கத்தில் இருந்த அந்த நாளில் கேட்டார்.

ஒரு மனிதர் கேட்ட கேள்விக்குக் காது கொடுத்தவருக்குப் பதினேழு வருஷம் கழித்து ஒரு ஜனத்தின் கூப்பிடுதலும் கேட்டது. எனக்கு அந்தக் காது இல்லை.

உனக்கு ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளி, மழைக்காலம், நோவா பாடம். நீ எழுந்து, "ஒரு இடத்தில் இரண்டு என்று போட்டிருக்கிறது, அடுத்த பக்கத்தில் ஏழு என்று போட்டிருக்கிறது, எது அப்பா?" என்றாய். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கேள்வி கேட்காமல் விசுவாசி என்று சொல்லி உன்னை உட்காரவைத்தேன். பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. இறையியல் கல்லூரியில் எழுதிய பச்சை நோட்டில் அது முழுப் பக்கம் இருந்தது, அது அன்றைக்கும் மேல் அலமாரியில்தான் இருந்தது. 31 வருஷம் மேடையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று வைத்திருந்தேன். ஜனங்களால் தாங்கமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் தாங்கியிருப்பார்கள், எனக்குத்தான் பயம்.

அதோடு நிற்கவில்லை. நான் இருந்த ஒரு சபையில் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டு ஒருவர் எழுந்தார். அடுத்த ஞாயிறு நான் எடுத்த வசனம் சங்கீதம் 105:15, நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும் என்பது. முந்தின வசனத்தை நான் வாசிக்கவில்லை. அதில் "ராஜாக்களைக் கடிந்துகொண்டு" என்று இருக்கிறது. நாடோடிகளாய்த் திரிந்த முற்பிதாக்களைத் தொடாதே என்று ராஜாக்களைப் பார்த்துச் சொன்னது அது. அதைத் திருப்பி, பத்து ரூபாய் காணிக்கை போடுகிற மனிதரைப் பார்த்துச் சொன்னேன். அவர் பிறகு வாய் திறக்கவில்லை, வேறு யாரும் திறக்கவில்லை. கமிட்டித் தேர்தலில் சாதி பார்த்துச் சீட்டு எழுதி வந்தபோதும் யாரும் கேட்கவில்லை, கேட்காதிருக்க அவர்களைப் பழக்கியவன் நான்தான். இந்த வீட்டிலும் அப்படித்தான் பழக்கினேன். நீ எதையும் சந்தேகமில்லாமல் சொல்கிற ஒரு மேடையைத் தேடிப் போனாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், கை வைக்காதே.

நீ கேட்டதற்குப் பதில் இது. ஆதியாகமம் 6:19, 20ல் எல்லாவற்றிலும் இரண்டு. 7:2ல் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி, சுத்தமில்லாததில் ஒரு ஜோடி. 7:17ல் நாற்பது நாள், 7:24ல் நூற்றைம்பது நாள். இரண்டு பேர் வேறு வேறு காலத்தில் சொன்ன ஒரே கதையை, பின்னால் வந்த ஒருவர் ஒன்றையும் எறியாமல் பின்னிவைத்திருக்கிறார். ஏழு என்று சொன்னவருக்குக் காரணம் உண்டு. அவர் கதையில் பேழையைவிட்டு இறங்கியதும் நோவா பலி செலுத்துகிறார், 8:20 பார். இரண்டே இரண்டு இருந்து அதில் ஒன்றைப் பலியிட்டால் அந்த இனமே போய்விடும். இரண்டு என்று சொன்னவருக்குப் பலி என்பது சீனாய் மலைக்குப் பிறகுதான், நோவா காலத்தில் கிடையாது, அதனால் இரண்டே போதும். பின்னியவர் இருவர் குரலையும் இருக்கவிட்டார். நீ கண்டுபிடித்தது சரி. ஒன்பது வயதில் தானாகக் கண்டுபிடித்தாய், கல்லூரியில் எங்களுக்கு அதை வாத்தியார்தான் காட்டினார்.

பச்சை நோட்டைத் தபாலில் நாளை அனுப்புகிறேன். 40ஆம் பக்கத்திலிருந்து பார், அதற்கு முன்னால் கரையான் கொஞ்சம் அரித்திருக்கிறது. பாப்பா ஓய்வுநாள் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள். என்ன பாடம் நடக்கிறது என்று எழுது. வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டில்தான் இருப்பாள், அவளுக்குப் போன் செய். என்னோடு பேசவேண்டும் என்றால் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா